இன்குபேட்டர் சூடாகவில்லையா? தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

இரவு பத்தரை மணிக்கு மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்தா. "அண்ணன், பெட்டிக்குள்ள 32தான் காட்டுது, பல்ப் பத்துதில்ல. போர்ட் எரிஞ்சிட்டு போல. நாளைக்குப் புதுசு ஒண்டு வாங்கட்டா?" முட்டை வைத்துப் பதினோராவது நாள், குரலில் அழுகை தெரிந்தது. "பொறு புள்ள, போர்ட்டில சின்னச் சிவப்பு லைட் எரியுதா?" என்று மட்டும் கேட்டேன். எரிகிறது என்றா. "அப்ப போர்ட் நல்லாத்தான் இருக்கும் போல. பிளக்கைக் கழட்டிப்போட்டு, பல்பை ஹோல்டருக்குள்ள அமத்தி ஒருக்கா திருப்பிப் பார்." ஐந்து நிமிடத்தில் பல்ப் எரிந்தது.

எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த மாதிரித்தான் முடிகின்றன. இன்குபேட்டர் சூடாகவில்லை என்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது தெர்மோஸ்டாட்டில், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தப் போர்ட்டில். நானும் அப்படித்தான் இருந்தேன். மீன் வாடியில் வாங்கிய ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் நான் செய்த முதல் இன்குபேட்டருக்கு இரண்டு போர்ட் மாற்றினேன், கடைக்காரரோடு சண்டையும் பிடித்தேன். கடைசியில் பழுது ஒரு பல்ப் ஹோல்டரில் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் 24 முட்டையும் குளிர்ந்து போய்விட்டன. ஆகவே பழுதை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்

இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சூடு தருவதில்லை, சூடு தருவது பல்ப். சுவரில் இருக்கும் லைட் சுவிட்சை நாம் கையால் போட்டு அணைக்கிறோம். இது சூட்டை அளக்கும் சென்சரைப் பார்த்துத் தானாகப் போட்டு அணைக்கிறது. போர்ட்டில் இருக்கும் நீலக் கட்டிதான் ரிலே, அந்தச் சுவிட்ச். "டிக்" என்று சத்தம் போடுவது அதுதான்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஒரு மாரியில் வீடு சூடாகவில்லை என்று வீடியோ கோலில் வந்து சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் காட்டினான். பின்னால் மெல்லிய வயர்கள். அங்கே வீட்டுச் சூடாக்கிக்கு 24 வோல்ட்தான் அந்த வயர்களில் ஓடும். ஆர் என்று எழுதியதில் மின்சாரம் வரும், டபிள்யூ என்று எழுதியதில் சூடு கேட்டுப் போகும். அந்த இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் சூடாக்கி ஓட வேண்டும். ஓடினால் பழுது தெர்மோஸ்டாட் பக்கம், ஓடாவிட்டால் சூடாக்கிப் பக்கம். நம்முடைய பெட்டியிலும் இதே சோதனைதான் அரைவாசி வேலையை முடித்துவிடும். ஒரே வித்தியாசம், அவனுக்கு 24 வோல்ட், நமக்கு 230. அவன் தொட்டால் ஒன்றும் ஆகாது. நாம் தொட்டால் ஆள் இல்லை.

தொடும் முன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் பழைய வீடுகளில் சில பிளக் பேஸ்களில் சுவிட்ச், கரண்ட் வரும் லைன் வயரில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் மாறிப் பூட்டப்பட்டிருக்கும். கழற்றிய பிளக் உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கட்டும். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். ஈரப்பதனுக்காகத் தண்ணீர்த் தட்டு வைத்த பெட்டி இது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இதை இரவு பகலாக ஓட விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தேவையான சாமான்கள்: ஒரு மல்டிமீட்டர் (மலிவானதே போதும்), ஒரு டெஸ்டர் (கரண்ட் உள்ள இடத்தில் வைத்தால் லைட் எரியும்), சின்ன ஸ்குரு டிரைவர், இரண்டு கனெக்டர், இன்சுலேஷன் டேப், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர். கடைசியாகச் சொன்னது ஏன் என்று பிறகு தெரியும். 230 வோல்ட் வயரில் கை வைக்கத் தயக்கம் இருந்தால் அந்தப் பகுதிக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தயங்குவது நல்லதுதான்.

உங்களிடம் இருப்பது எந்தப் போர்ட்?

இலங்கையின் கிழக்கில் நான் அதிகம் காண்பவை மூன்று. வயரிங் மூன்றுக்கும் வெவ்வேறு. பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

முதலாவது டபிள்யூ 1209. உறையில்லாத சின்னப் போர்ட், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். நாலு ஸ்குரு இருக்கும்: பிளஸ் 12, கிரவுண்ட், கே 0, கே 1. முதல் இரண்டும் அடாப்டருக்கு. கே 0, கே 1 இரண்டும் ரிலேயின் இரண்டு முனைகள், அவற்றிலிருந்து மின்சாரம் வெளியே வராது. பல்பின் இரண்டு வயரையும் நேரே கே 0, கே 1 இல் பூட்டிவிட்டு "டிக் சத்தம் கேட்குது, பல்ப் எரியல்ல" என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக்கிலிருந்து வரும் லைன் வயரை வெட்டி, ஒரு முனையை கே 0 இலும் மற்ற முனையை கே 1 இலும் பூட்ட வேண்டும். கே 1 இலிருந்து பல்புக்கு, பல்பின் மற்றக் காலிலிருந்து நேரே நியூட்ரலுக்கு. 230 வோல்ட் வயரை மாறி பிளஸ் 12, கிரவுண்ட் ஸ்குருக்களில் கொடுத்துவிட்டால் ஒரு பட்டாசுச் சத்தம் கேட்கும், அதோடு அந்தப் போர்ட் முடிந்தது.

இரண்டாவது டபிள்யூ 3001. கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். 220 வோல்ட் மாதிரியில் இரண்டு வயர் உள்ளே போக, இரண்டு வயர் வெளியே வர. வெளியே வரும் வயரில் இது நேரடியாக 220 வோல்ட் தரும், எனவே பல்பை அதிலேயே பூட்டலாம். இதே உறையில் 12 வோல்ட், 24 வோல்ட் மாதிரிகளும் வருகின்றன. பின்னால் எழுதியிருப்பதை வடிவாக வாசிக்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது எஸ்டிசி 1000. பின்னால் எட்டு ஸ்குரு. 1, 2 மின்சாரம். 3, 4 சென்சர். 5, 6 சூடாக்கும் ரிலே. 7, 8 குளிரூட்டும் ரிலே. இங்கேயும் 5, 6 இலிருந்து மின்சாரம் தானாக வராது, லைனிலிருந்து ஒரு துண்டு வயர் 5க்குப் போக வேண்டும், 6 இலிருந்து பல்புக்கு. பல்பை 7, 8 இல் பூட்டிவிட்டால் பெட்டி சூடேறும்போது பல்ப் எரியும், ஆறும்போது அணையும். அதாவது முட்டை அவியும்.

முதலாவது படி: பெட்டி என்ன சொல்கிறது?

எதையும் கழற்றாமல் மூன்று இடங்களைப் பாருங்கள்: திரை, ரிலே லைட், பல்ப்.

திரையே எரியவில்லை என்றால் போர்ட்டுக்கு மின்சாரம் வரவில்லை, இரண்டாவது படிக்குப் போங்கள். திரை எரிகிறது, சூடு குறைவு, ஆனாலும் ரிலே லைட் எரியவில்லை என்றால் செட்டிங் அல்லது சென்சர், அது மூன்றாவதும் ஐந்தாவதும். ரிலே லைட் எரிகிறது, பல்ப் இருட்டு என்றால் நாலாவது. அந்தத் தங்கச்சியின் பெட்டி இந்த ரகம். ரிலே லைட் அணைந்த பிறகும் பல்ப் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு ஆறாவதுக்குப் போங்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் ஒரு மணி நேரத்தில் எல்லா முட்டையையும் கொல்லக்கூடியது. சூடு குறைந்தால் குஞ்சு பிந்திப் பொரிக்கும், பல நேரம் தப்பிவிடும். 40 டிகிரிக்கு மேல் போனால் தப்பாது.

இரண்டாவது படி: திரை இருட்டு

பிளக் பேஸில் வேறு ஏதாவது, போன் சார்ஜராவது செருகிப் பாருங்கள். வேலை செய்கிறதா? சரி, அடுத்தது பிளக். சதுரப் பின் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, அதைக் கழற்றி மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் வராவிட்டால் ஃபியூஸ் போயிற்று. மாற்றும்போது 13 ஆம்பியர் போடாதீர்கள். இரண்டு 60 வாட் பல்ப் எடுப்பது அரை ஆம்பியர்தான், 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். மெல்லிய வயரில் 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் உருகிய பிறகுதான் ஃபியூஸ் போகும்.

12 வோல்ட் போர்ட் என்றால் அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து அளந்து பாருங்கள், 12க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். தனியாக அளக்கும்போது 12 காட்டி, போர்ட்டில் பூட்டியதும் 8, 9க்கு இறங்கினால் அடாப்டர் தளர்ந்துவிட்டது. அப்படியான அடாப்டரில் ரிலே போடும் கணத்தில் திரை மங்கி, ரிலே விழுந்து, மறுபடி ஏறி, "டிக் டிக் டிக்" என்று பல்லி மாதிரிக் கத்தும். போர்ட் பழுது என்று நினைக்க வைக்கும் இன்னொரு விஷயம் இது.

வயரிங்கிலேயே செய்யும் ஒரு பிழையும் உண்டு. அடாப்டரை ரிலேக்குப் பின்னால், பல்போடு சேர்த்து இணைத்துவிடுவது. ரிலே போட்டால்தான் அடாப்டருக்குக் கரண்ட், அடாப்டருக்குக் கரண்ட் வந்தால்தான் ரிலே போடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அடாப்டரும் ஃபேனும் பிளக்கிலிருந்து நேரே வர வேண்டும். ரிலே வழியாகப் போவது பல்ப் மட்டும்.

மூன்றாவது படி: செட்டிங்

டபிள்யூ 1209 கடையிலிருந்து வரும்போது குளிரூட்டும் நிலையில்தான் வரும். செட் பட்டனை ஐந்து வினாடி அமத்திப் பிடித்தால் பி 0 வரும், அதில் சி (குளிரூட்டல்) இருந்தால் எச் (சூடாக்கல்) ஆக மாற்றுங்கள். பி 1 இல், பல்பை அணைப்பதற்கும் மறுபடி போடுவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி 2 டிகிரி என்று இருக்கும், அதை 0.3க்குக் குறையுங்கள். 0.1 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். ரிலே நாள் முழுதும் டிக்கடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும், முட்டைக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. பி 5 இல் தாமத நிமிடம் 0 ஆக இருக்கட்டும்.

டபிள்யூ 3001 இல் தொடங்கும் சூடு, நிறுத்தும் சூடு என்று இரண்டு. தொடங்குவது நிறுத்துவதைவிடக் குறைவாக இருந்தால்தான் சூடாக்கும்: 37.3 இல் தொடங்கி 37.7 இல் நிறுத்தலாம். மாறி வைத்தால் குளிரூட்டியாகிவிடும். எஸ்டிசி 1000 இல் எஃப் 1 (சூடு) ஐ 37.5, எஃப் 2 (இடைவெளி) ஐ 0.3 என்று வையுங்கள்.

37.5 என்பது ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடு, கீழே குளிர் என்று இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 வைக்க வேண்டும்.

நாலாவது படி: ரிலே போடுகிறது, பல்ப் எரியவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். அதிகமான பழுதுகள் இங்கேதான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு பல்பைக் கழற்றுங்கள். நம்மூரில் பெரும்பாலும் இரண்டு காது வைத்த பின் ஹோல்டர்தான். அதற்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பித்தளை முளைகள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்குரு டிரைவர் நுனியால் அமத்தினால் உள்ளே போய்த் துள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். மூடிய பெட்டிக்குள் இரவு பகலாகச் சூட்டில் இருந்தால் அந்த ஸ்பிரிங் விறைப்பை இழந்து அமுங்கியபடியே நின்றுவிடும். முளையின் நுனி கறுத்து, பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அங்கே தீப்பொறி பறந்திருக்கிறது. என் முதல் பெட்டியில் இருந்தது இதுதான். பகலில் பெட்டியை அசைத்தால் எரியும், இரவில் எப்போதோ அணைந்துவிடும். அப்படியான ஹோல்டரைத் தேய்த்துச் சரிப்படுத்த வேண்டாம், மாற்றுங்கள். பிளாஸ்டிக்கைவிடப் பீங்கான் ஹோல்டர் இந்த வேலைக்கு நெடுநாள் நிற்கும்.

அடுத்தது பல்ப். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து பல்பின் இரண்டு பொட்டிலும் தொடுங்கள். ஆறிய 60 வாட் பல்ப் 60 முதல் 80 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் இழை அறுந்துவிட்டது. பள்ளிக்கூடக் கணக்குப்படி 60 வாட்டுக்கு 880 ஓம் அல்லவா வர வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அது இழை வெள்ளையாக ஒளிர்ந்து எரியும்போது, ஆறிய இழைக்கு அதில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. பல்ப் போடும் கணத்தில் ரிலேயைப் பெரிய மின்னோட்டம் அடிப்பதும் இதனால்தான். அந்த விஷயம் ஆறாவது படியில் வரும்.

எல்ஈடி பல்ப் போட்டுவிட்டு "எரியுது, ஆனா சூடு வருதில்ல" என்று கேட்பவர்களும் உண்டு. எல்ஈடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று செய்தது, அதன் சூட்டை நம்பி முட்டை வைக்க முடியாது. இழை பல்ப் கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சுக்கு வைக்கும் பீங்கான் சூட்டு பல்ப் வாங்கலாம்.

பல்பும் ஹோல்டரும் நல்லதென்றால் மச்சானின் சோதனைக்கு வருவோம். பிளக் கழற்றியபடியே, ரிலேயில் பூட்டியிருக்கும் இரண்டு வயரையும், அதாவது டபிள்யூ 1209 இல் கே 0, கே 1, எஸ்டிசி 1000 இல் 5, 6, கழற்றி, ஒரு கனெக்டருக்குள் இரண்டையும் சேர்த்து இறுக்குங்கள். வெறும் முனை எதுவும் வெளியே தெரியக்கூடாது. கை எடுத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். பல்ப் எரிகிறதா? அப்படியானால் ரிலேயின் முனைகள் கரிந்துவிட்டன, இப்போது புதிய போர்ட் வாங்கலாம், நியாயம் உண்டு. எரியவில்லையா? போர்ட்டில் பிழையில்லை, வயரிலும் இணைப்பிலும் தேடுங்கள். சோதனை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, வயரைப் பழையபடி பூட்டுங்கள். கனெக்டரோடு விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் அவித்த முட்டைதான்.

வயரில் தேடும்போது முதலில் ஸ்குருக்களைப் பாருங்கள். கல்லடி, நாவலடி, திருக்கோவில் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று செம்பைத் தின்னும். ஸ்குருவைத் தளர்த்தி வயரை இழுத்தால் நுனி பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அந்த நுனியை வெட்டி எறிந்து, புதிதாக உரித்து, இழைகளை முறுக்கிப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. இன்னொன்று, ஸ்குரு செம்பை இறுக்காமல் ரப்பர் உறையின் மேலேயே இறுகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வடிவாகப் பூட்டியது போலவே தெரியும்.

பல்ப் எரிகிறது, ஆனால் மங்கலாக, பின்னேரத்தில் மட்டும் சூடு ஏறவில்லை என்றால் லைன் வோல்டேஜை அளந்து பாருங்கள். படுவான்கரை ஊர்களில் மின் லைனின் கடைசி வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் 60 வாட் பல்ப் தருவது 50 வாட்டுக்கும் குறைவு. பல்பைக் கூட்டுங்கள், போர்ட்டை மாற்றிப் பயனில்லை.

ஐந்தாவது படி: சென்சர் பொய் சொல்கிறதா?

சென்சர் என்பது அந்த நீண்ட மெல்லிய வயரின் நுனியில் இருக்கும் உலோகக் குப்பி. உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும், மணி போன்ற ஒரு சின்னத் துண்டு. 25 டிகிரியில் 10,000 ஓம், நம் ஊர் மதிய 30 டிகிரியில் 8,000 அளவில், 37.5 இல் 6,000 அளவில். போர்ட்டிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அளந்து, பிறகு குப்பியைக் கைக்குள் பொத்திப் பிடியுங்கள். எண் நிதானமாக இறங்க வேண்டும். துள்ளித் துள்ளி மாறினால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

சென்சர் முற்றாகக் கழன்றால் போர்ட்டே சொல்லிவிடும்: டபிள்யூ 1209 திரையில் எல் எல் எல், எஸ்டிசி 1000 இல் ஈ ஈ. அது சுகமான பழுது. ஆபத்தானது அரைகுறைப் பழுது. சென்சர் வயர் எட்டவில்லை என்று ஒரு துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி நீட்டியிருப்பீர்கள். அந்த முடிச்சு பெட்டிக்குள், ஈரத்துக்குள் இருக்கிறது. இனிக் கணக்கைப் பாருங்கள். 37.5க்குப் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு மாறும் தடை இருநூறு சொச்சம் ஓம் மட்டும். முடிச்சு தளர்ந்து, களிம்பு பிடித்து, அதில் 250 ஓம் தடை கூடினால், போர்ட் உண்மையைவிட ஒரு டிகிரி குறைவாக வாசிக்கும். பல்பை விடாமல் எரிக்கும், திரையில் 37.5 இருக்கும்போது உள்ளே 38.5 ஆகிவிடும். ஈரம் புகுந்து இரண்டு வயருக்கும் நடுவே கசிந்தால் நேர் எதிர்: தடை குறைந்து, போர்ட் உண்மையைவிடக் கூடுதலாக வாசித்து, பல்பை நேரத்தோடு அணைத்துவிடும். திரையில் எல்லாம் சரி. 21 நாள் போய் 24 நாளாகியும் குஞ்சு இல்லை. நீட்ட வேண்டியிருந்தால் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, முடிச்சைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

இப்போது அந்தக் காய்ச்சல் தெர்மோமீட்டர். ஒரு கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, தெர்மோமீட்டரின் நுனியையும் சென்சர் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கலக்குங்கள். பல்பின் பிளக் கழற்றியிருக்கட்டும், போர்ட் மட்டும் ஓடட்டும். அப்படிப் பிரிக்க வழியில்லாவிட்டால், 230 வோல்ட் வயர் எதுவும் கோப்பைக்குப் பக்கத்தில் வராமல் போர்ட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். தெர்மோமீட்டர் 37.5 காட்டும்போது திரை என்ன காட்டுகிறது? 36.8 என்றால் 0.7 கூட்ட வேண்டும். டபிள்யூ 1209 இல் பி 4, எஸ்டிசி 1000 இல் எஃப் 4 இதற்கானது. எஸ்டிசி 1000 ஒரு டிகிரி முன்பின்னாக இருக்கலாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். முட்டைக்கு ஒரு டிகிரி பெரிய விஷயம். காய்ச்சல் தெர்மோமீட்டர் சரியாக அந்த இடத்தில்தான் துல்லியமாக இருக்கும், அதற்கென்றே செய்தது.

சென்சரின் இடமும் முக்கியம். பல்ப் வெளிச்சம் நேரே படும் இடத்தில் தொங்கினால் அது காற்றின் சூட்டை விட்டுப் பல்பின் சூட்டை அளக்கும். முட்டையின் மேல்மட்ட உயரத்தில், முட்டையில் முட்டாமல், பல்புக்கு மறைவாக வையுங்கள்.

ஆறாவது படி: பல்ப் அணையவே இல்லை

பிளக்கைக் கழற்றி, ரிலேயின் இரண்டு வயரையும் கழற்றி, முனைகளில் பீப் நிலையில் தொடுங்கள். போர்ட்டுக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் பீப் வரவே கூடாது. வந்தால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிவிட்டன. ஆறிய இழை பத்து மடங்குக்கு மேல் இழுக்கும் என்று சொன்னேனே, நாலு பல்ப் ஒன்றாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அந்த அடி ரிலே முனையில் விழுகிறது. ஸ்குரு டிரைவர் பிடியால் தட்டினால் சில நேரம் விட்டுக்கொடுக்கும். அப்படித் தட்டி ஓட்டிய ஒருவர் அடுத்த கிழமை மறுபடி போன் எடுத்தார், முட்டை எல்லாம் போன பிறகு. ஒருதரம் ஒட்டிய ரிலேயை நம்பாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் முட்டை வைப்பவர்களுக்கு நான் சொல்வது: இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை அதே லைன் வயரில் வரிசையாகப் பூட்டி 38.5 இல் வையுங்கள். முதலாவது ஒட்டினாலும் இரண்டாவது வெட்டிவிடும்.

ரிலே நல்லது, ஆனாலும் பெட்டி 38க்கு மேல் போகிறதா? சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரை அறைக்குள் பகலில் பெட்டி தானாகவே அந்தச் சூட்டுக்குப் போகும், பல்ப் அணைந்தே இருக்கும். தெர்மோஸ்டாட்டால் குளிர்விக்க முடியாது. பெட்டியை ஓட்டு வீட்டின் நடு அறைக்கு மாற்றுங்கள், காற்றுத் துளையைக் கூட்டுங்கள்.

ஏழாவது படி: லைனா நியூட்ரலா?

எல்லாம் வேலை செய்யும் பெட்டியிலும் இதைப் பார்க்க வேண்டும். பெட்டி ஓடி, ரிலே அணைந்து, பல்ப் இருட்டாக இருக்கும் நேரத்தில் ஹோல்டரின் ஸ்குருவில் டெஸ்டரை வையுங்கள். எரியக்கூடாது. எரிந்தால் ரிலே வெட்டுவது நியூட்ரலை. பல்ப் அணைந்திருந்தாலும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது, முட்டை திருப்பப் போகும் ஈரக்கைக்காக. ரிலேக்குப் போகும் வயரை லைனுக்கு மாற்றுங்கள்: புதிய வயரில் லைன் பிரவுண், நியூட்ரல் நீலம், ஏர்த் பச்சை மஞ்சள். பழைய வீட்டு வயரிங்கில் லைன் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்டரால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரட்டைப் பின் பிளக்கைப் பேனா மூடியால் ஏர்த் துளையைக் குத்தித் திறந்து செருகும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம். அப்படிச் செருகும் பிளக் மாறி விழுந்தால் லைன், நியூட்ரலாகிவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையெல்லாம் வீண். மூன்று பின் பிளக் போடுங்கள். பெட்டியில் தகரமோ இரும்பு வலையோ இருந்தால் அதில் ஏர்த் வயரைப் பூட்டுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்றால் மூடியின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மாரி காலத்தில் அங்கே வியர்த்து, துளி வழிந்து, ஹோல்டருக்குள் இறங்கும். ஹோல்டரை மூடியிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

முட்டை வைப்பதற்கு முன்

பழுது பார்த்த கையோடு முட்டை வைக்காதீர்கள். ஒரு முழு நாள் வெறும் பெட்டியை ஓட்டி, விடியற்காலை, மதியம், பின்னேரம், படுக்கப் போகும் முன் என்று நாலு தரம் எழுதுங்கள். விடியற்காலை நாலு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் முட்டை வைக்கலாம். முட்டை ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது பழுது வந்தால் அதற்கு நேரம் இல்லை, ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். சாக்கு ஒன்றை மேலே போட்டு மூடி வைத்தால் வேலை செய்யும் அரை மணி நேரத்தில் முட்டை அவ்வளவு ஆறாது. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் சுடுதண்ணீர்ப் போத்தலும் சாக்கும் வைத்தே குஞ்சு எடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் திரையில் 37.5 அப்படியே இருக்கிறதா என்று ஒருக்கா பாருங்கள். இந்தப் போர்ட்கள் செட்டிங்கை மறப்பதில்லை, ஆனால் கரண்ட் வரும் நேரத்து அதிர்ச்சியில் அடாப்டர் போகலாம்.

ஆரையம்பதித் தங்கச்சிக்கு மறுநாள் பீங்கான் ஹோல்டர் இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். பழையதைக் கழற்றினால் ஒரு முளை கறுத்து, ஸ்பிரிங் உள்ளேயே நின்றது. அந்த இரவு அமத்தித் திருப்பியதில் ஏதோ தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாற்றிப் பூட்டிவிட்டு மறுகா டெஸ்டரை வைத்தால், பல்ப் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் டெஸ்டரின் லைட் எரிகிறது. பதினோரு நாளாக அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று தரம் அந்தப் பெட்டிக்குள் கை விட்டு முட்டை திருப்பியிருக்கிறா.